டயல் திரும்புகிறது, குளிர் மாறவில்லை: பழைய கொரோலாவின் ஏசி

பழைய காரின் ஏசி குளிரவில்லை என்று எந்த கராஜில் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் வரும் பதில்: "காஸ் குறைஞ்சிருக்கும் சேர், அடிச்சா சரியாயிரும்." ஓட ஓடத் தீர்ந்துபோக அது பெற்றோல் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலே அடித்தால் அழுத்தம் ஏறி, இருக்கிற குளிரும் போய்விடும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே 1990களின் கொரோலா 110க்கு நிவித்திகலையில் இன்னும் மவுசு உண்டு. நான் ஓட்டிப் பார்த்ததும் அப்படியொன்றுதான். எஞ்சினையும் கியரையும் குறை சொல்ல முடியாது. ஏசி மட்டும், டயலை நீலத்தில் வைத்தாலும் சிவப்பில் வைத்தாலும் ஒரே வெதுவெதுப்பு.

இந்த டயல் கம்ப்ரசரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு கேபிளை இழுத்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு கதவை அசைக்கிறது. குளிர்காற்றில் ஹீட்டரின் சூடு எவ்வளவு கலக்கலாம் என்பது அந்தக் கதவின் கையில். அப்படியென்றால் குளிர் உண்டாகவே இல்லையா, உண்டான குளிரைச் சூடு கெடுக்கிறதா?

பொனட்டைத் திறந்து, ஏசியின் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. குளிருக்குக் குறைவில்லை. அடுத்து, ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ஹோஸைத் துணி சுற்றி கிளாம்ப் போட்டு நெரித்தேன். வென்ட்டில் செருகியிருந்த தெர்மோமீற்றர் கொஞ்ச நேரத்தில் 18 பாகையிலிருந்து 9க்கு இறங்கியது. குற்றவாளி காலடியில் இருந்தான்: கேபிள் உறையைப் பிடிக்கும் கிளிப் கழன்றுவிட்டது. டயலைத் திருப்பினால் உறையும் சேர்ந்தே நகர, கதவு பாதியில் நிற்கிறது. கிளிப்பை மாட்டியதும் தீர்ந்தது.

ஹோஸை ஒரேயடியாக அடைத்துவிடச் சொல்வார்கள். இந்த வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்பார்கள். கொழும்புக்கு அது சரிவரலாம். இரத்தினபுரி மாவட்டத்து மழைக்குச் சரிவராது. கலவானைப் பக்கம் இறப்பர் தோட்டங்களுக்குள் மாலை மழையில் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவிக்கு ஏசியோடு கொஞ்சம் சூடும் கலக்க வேண்டும். வெறும் குளிரையே அடித்தால் கண்ணாடி குளிர்ந்து, வெளிப்புறமும் மங்கும். வைப்பர் போட்டால்தான் பாதை தெரியும்.

தூர ஓட்டத்தில் காற்றே குறைந்து, ஏசியைச் சற்று நிறுத்திவைத்தால் மறுபடி நன்றாக வருகிறதா? அது வேறு வியாதி. கூலிங் கொயிலில் பனிக்கட்டி பிடிக்கிறது. பெரும்பாலும் அதன் சென்சர்தான் காரணம்.

இப்படியொரு காரை வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில் ஏசியைச் சோதிக்க வேண்டாம். எஞ்சின் சூடாகாதவரை ஹீட்டரிலும் சூடில்லை. கதவு கெட்டிருந்தாலும் நன்றாகவே குளிரும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு டயலைத் திருப்பிப் பாருங்கள், அதன்பிறகு விலை பேசலாம்.