குணங்குடியார் பாடல்களில் உலக ஆசை: ஒரு மறுநோக்கு

உலகப் பற்றை வெறுத்துரைக்கும் பாடல்கள் தமிழுக்குப் புதியனவல்ல. பட்டினத்தார், பத்திரகிரியார், தாயுமானவர் என நீளும் அம்மரபில் இஸ்லாமிய மெய்ஞ்ஞானத்தின் குரலாக ஒலித்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியிற் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், இளமையிலேயே துறவு பூண்டு, மலைகளிலும் காடுகளிலும் அலைந்து, இறுதியிற் சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து மறைந்தார். அவருடைய பாடல்களைப் போற்றியுரைப்போர் பலர். ஆயின், அப்பாடல்கள் எதனை ஆபத்தெனக் காட்டுகின்றன, இஸ்லாமியப் போதனை எதனை ஆபத்தெனக் கருதுகின்றது, இவ்விரண்டும் ஒன்றுதானா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் போதனையை நோக்குவோம். இஸ்லாம் உலகை இழிந்ததென ஒதுக்கவில்லை. ஆகுமான வழியிற் பொருளீட்டுதல் கடமை, இல்லறம் நபிவழி, துறவு மடம் இறைவன் விதித்ததன்று. ஆபத்து உலகில் இல்லை, அதன்மீது உள்ளம் கொள்ளும் பற்றிலேயே உண்டு. இதனை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). நாற்பது நூல்களாலான அவரது 'இஹ்யா உலூமித்தீன்' நான்கு பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் மூன்றாவது, மனிதனை அழிவிலாழ்த்தும் குணங்களைப் பற்றியது. அதன் பிற்பாதியின் வைப்புமுறை சிந்தனைக்குரியது. உலகப் பற்று முதலில் வருகின்றது. அடுத்து உலோபமும் பொருளாசையும். அதன்பின் புகழாசையும் 'ரியா' எனப்படும் முகத்துதியும். பின்னர் பெருமையும் தற்பெருமையும். ஈற்றில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் மயக்கம். கண்ணுக்குப் புலப்படும் ஆசையில் தொடங்கி, ஆசையுடையவனுக்கே புலப்படாத ஆசையில் இவ்வரிசை முடிகின்றது. பொருளாசையை ஊரார் கண்டுகொள்வர். வணக்கத்தின் போர்வையில் வரும் புகழாசையை யார் கண்டுகொள்வர்? பசித்த ஓநாய்கள் இரண்டு ஆட்டுமந்தையுள் விடப்பட்டாலும், பொருளாசையும் பதவியாசையும் ஒருவனின் மார்க்கத்துக்கு விளைக்கும் கேட்டினைப் போன்று அவை விளைப்பதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியும் இவ்விரு ஆசைகளையும் இணைத்தே பேசுகின்றது.

கஸ்ஸாலிக்கு இது வெறும் ஏட்டறிவன்று. பக்தாத் நிஸாமிய்யாக் கலாபீடத்திற் பெரும் புகழுடன் விளங்கிய அவர், தமது போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது அங்கு இறைவனைவிடப் பெயரும் பதவியுமே முந்திநிற்கக் கண்டார். 1095ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். அவர் அஞ்சி ஓடியது களியாட்டத்தை விட்டன்று. மார்க்கக் கல்வி புகட்டும் ஆசனத்தை விட்டு என்பது நோக்கற்பாலது.

இவ்வளவுகோலைக் கொண்டு குணங்குடியாரை நோக்குமிடத்து ஒரு குறைபாடு தென்படுகின்றது. அவர் பாடல்களில் ஆபத்து பெரும்பாலும் மண், பெண், பொன் என்னும் பழைய மூன்றாகவே வருகின்றது. குறிப்பாகப் பெண்ணை மயக்கத்தின் வடிவமாகக் காட்டும் இடங்கள் சித்தர் மரபிலிருந்து பெறப்பட்டவையேயன்றி இஸ்லாமியப் போதனையின் நேர் விளைவுகள் அல்ல. ஆசை ஆசைப்படுபவனின் உள்ளத்திற் பிறப்பது. அதன் பழியை ஆசைப்படப்படுபவளின்மீது சுமத்துவது நீதியன்று. மேலும், பெண்ணை விலக்கிய அதே கவிஞர் 'மனோன்மணிக் கண்ணி'யிற் பரம்பொருளையே பெண்ணாக்கி ஏங்குகின்றார். ஆசை அழியவில்லை, திசைமாறியுள்ளது என்பதையே இது உணர்த்துகின்றது. அவர் வாழ்க்கை வேறு கூறினும், அவர் கவிதை கூறும் உண்மை இதுவே.

ஆயினும் குணங்குடியாரின் உயர்வு வேறோரிடத்தில் உள்ளது. 'எக்காலக் கண்ணி' என்னும் பெயரே அதற்குச் சான்று. பத்திரகிரியாரின் புலம்பல் வழிவந்த இவ்வடிவில் ஒவ்வோர் எண்ணமும் 'எக்காலம்' என்னும் ஏக்கத்தில் முடிகின்றது. எக்காலம் என வினவுபவன் இன்னும் அந்நிலையை அடையாதவன். 'பராபரக் கண்ணி'யிலும் தம் மனத்தின் அலைவையும் தம் பிழைகளையும் இறைவன்முன் வைத்தே அவர் இரந்து நிற்கின்றார். துறவியென உலகு வணங்கிய ஒருவர், தாம் கடந்துவிட்டதாகக் கூறாது, கடக்கவில்லை என்றே பாடுகின்றார். 'நான் துறந்தேன்' என்னும் எண்ணத்தினுள் ஒளிந்திருக்கும் ஆசையை, கஸ்ஸாலி இறுதியில் வைத்த அம்மயக்கத்தை, இவ்வடிவம் இடங்கொடாது தடுக்கின்றது. அவர் பாடுபொருள் மரபின் கைதியாயினும் அவர் பாடும் முறை போதனையின் ஆழத்தைத் தொட்டுவிடுகின்றது.

இவ்வேறுபாடு இலக்கியத்தோடு நிற்பதன்று. வெலிமடையில் உருளைக்கிழங்குச் செய்கையோடு வளர்ந்தவன் யான். 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் எமது பகுதியில் அச்செய்கை பெருகியது. விலை ஏறிய போகத்திற் கல்வீடுகள் எழுந்தன. விலை வீழ்ந்த போகத்தில் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் எஞ்சியது. அத்தகையதொரு போகத்தில், உலக ஆசையே துன்பங்கள் அனைத்துக்கும் காரணமெனப் பிரசங்கமொன்று நிகழ்ந்தது. செவிமடுத்தோரிற் பலர் கடனாளிகள். பிரசங்கம் முடிந்ததும், விருந்தளித்த செல்வரின் பெயர் ஒலிபெருக்கியில் மும்முறை கூறப்பட்டது. எந்த ஆசை அங்குக் கண்டிக்கப்பட்டது, எது கவனிக்கப்படாது சென்றது என்பதை வாசகரே உணர்வர்.

அண்மையிலுள்ள தோட்டத்து லயங்களில் ஒற்றை அறையுள் ஒரு குடும்பம் வாழ்கின்றது. அவர்கள் விரும்புவது ஒழுகாத கூரையும் பிள்ளைக்குக் கல்வியும். இது தேவை, ஆசை அன்று. தேவையை ஆசையெனப் பெயரிட்டுப் பொறுமை போதிப்பது வசதியுள்ளோரின் உலகப் பற்றுக்கே காவலாகும். செல்வத்தில் இல்லாதவனுக்கு உரிமை உண்டெனக் கூறி ஸக்காத்தைக் கடமையாக்கிய மார்க்கம், பற்றறுக்குமாறு முதலில் அழைப்பது உடையவனையே.

எனவே குணங்குடியாரின் பாடல்களைப் பிறருக்குக் கூறும் அறிவுரையாகக் கொள்ளாது, பாடுபவன் தன்னையே வினவும் வினாவாகக் கொள்ளுதல் தகும். அவ்வாறு கொள்ளுமிடத்து அவ்வினா எம்மையும் விட்டுவைக்காது. உலக ஆசையைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதி, அதன்கீழ் அச்சேறும் தன் பெயரை முதலில் தேடிப் பார்ப்பவனும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவன் அல்லன்.