வீடும் ஆதனமும்: ஒரு திரைப்பட ஆய்வு

வாழ்வார்க்கு வீடு, வணிகர்க்கு அஃது ஆதனம். ஒரே கட்டடத்தின் இவ்விரு பெயர்களுக்கிடையே எழும் போராட்டமே, றமீன் பஹ்ராணி நெறிப்படுத்திய ‘தொண்ணூற்றொன்பது வீடுகள்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பொருளாகும். 2014ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதற் காட்டப்பெற்ற இப்படத்தின் கதை, 2010ஆம் ஆண்டளவிற் புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோ நகரில் நிகழ்கின்றது.

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியையடுத்து, ஈட்டுக்கடனை இறுக்கவியலாத குடும்பங்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்தன. தள்ளாடிய நிதி நிறுவனங்களைத் தாங்குதற்கு அவ்வாண்டு ஒக்டோபரில் 70,000 கோடி டொலர் வரை செலவிட அமெரிக்காவிற் சட்டம் இயற்றப்பட்டது. 2010இலோ, வங்கி அலுவலர் வாசித்தறியாமலே ஆயிரக்கணக்கான சத்தியக்கடதாசிகளிற் கையொப்பமிட்டமை வெளிப்பட்டது. இவ்வுண்மைகளே படத்தின் நிலைக்களம்.

கட்டடத் தொழிலாளியான டெனிஸ் நாஷ், தாயோடும் மகனோடும் தான் வளர்ந்த வீட்டினின்று வெளியேற்றப்படுகின்றான். வெளியேற்றிய தரகன் றிக் காவரிடமே பின்னர் ஊழியனாகின்றான். வெறுமையான வீடுகளிற் குளிரூட்டிகளைக் கழற்றி மறைத்து, அவற்றுக்கு ஈடு செய்ததாக அரசிடம் பணம் பெறும் மோசடியிற் பழகுகின்றான். ஈற்றில், தான் துன்புற்றவாறே பிறரைத் துன்புறுத்துகின்றான். தன் வாயிலில் நின்று மன்றாடியவன், ஆதரவற்ற முதியவர் ஒருவரின் வாயிலில் ஆணையோடு நிற்கும் காட்சி இப்படத்தின் உச்சம். அங்கே உரையாடல் அதிகமில்லை. நாஷின் முகமே பேசுகின்றது.

அவன் வீழ்ச்சி எங்கே தொடங்குகின்றது? பொய்ப் பத்திரத்தை நீதிமன்றுக்குக் கொண்டுசென்றபோது என்பார் பலர். ஆயின், மீட்க விரும்பிய பழைய வீட்டை விற்றுப் பெருமனை ஒன்றை வாங்கும் இடமே உண்மையான திருப்பம். அக்கணத்தில் அவனுக்கும் வீடு ஆதனமாகிவிட்டது. தாய் அம்மனையை ஏலாமை இதனாலேயே பொருளுடையதாகின்றது.

காவர் வெறுங் கொடியவனல்லன். மக்களைக் குடியமர்த்தும் தரகனாய்த் தொழில் தொடங்கியவனைக் காலம் குடியெழுப்புவோன் ஆக்கிற்று. இம்மாற்றத்தை மைக்கல் ஷனன் குரலுயர்த்தாமலே புலப்படுத்துகின்றார். அன்ட்ரூ கார்பீல்ட் நாஷின் நாணத்தையும் ஆசையையும் ஒருங்கே காட்டுகின்றார்.

முடிவே குறையுடையது. துப்பாக்கி ஏந்திய ஒருவன்முன் நாஷ் உண்மையை ஒப்புக்கொள்ள, தனிமனிதனின் மனச்சான்று வெல்கின்றது. காண்போர் நெஞ்சம் ஆறுதலடைவது உண்மையே. எனினும், வங்கியும் சட்டமும் விரைந்தியங்கும் நீதிமன்றும் கூடிச் செய்த பிழைக்கு ஒருவனது வாக்குமூலம் மாற்றாகாது. மேலும், கடன் கொடுத்தோரின் முகத்தைப் படம் ஓரிடத்திலேனும் நன்கு காட்டவில்லை. பழி முழுவதையும் தரகனே சுமக்கின்றான்.

இக்குறையிருந்தும் படம் நிலைக்கத்தக்கது. புள்ளிவிவரத்தில் ஓர் எண்ணாக மறையும் வீட்டின் முற்றத்திலே, கட்டிலும் பாத்திரங்களும் குழந்தையின் உடைகளும் குவிந்து கிடப்பதை அது காட்டிவிடுகின்றது. அதனைக் கண்டபின், வீட்டை ஆதனம் என்று மட்டும் அழைக்க நா எளிதில் எழாது.