எடையைக் குறைத்தால் போதுமா?

பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி தமக்கு இருப்பதாக அறியும் பெண்கள், பெரும்பாலும் ஓர் அச்சிட்ட தாளுடன் வீடு திரும்புகின்றனர். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினொரு மணிக்குக் கிரீன் டீ, பகலில் இரண்டு சப்பாத்தி, இரவில் வேகவைத்த புரோக்கோலி. கிழங்கும் பழமும் கூடாது. அடியில் ‘எடையைக் குறைக்கவும்’ என்று ஒரு வரி. நீங்களும் இத்தகைய தாள் ஒன்றைப் பார்த்திருக்கலாம். அந்தத் தாளைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறோம்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு களியக்காவிளைச் சந்தையில் நிற்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். கேரள எல்லையை ஒட்டிய அவ்வூரில் அவள் கண்ணில் படுபவை மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் பழம், சம்பா அரிசி, சாளை மீன், நெத்திலி, தேங்காய், பயறு, முருங்கைக் கீரை ஆகியவை. தாளில் உள்ளவற்றுள் பாதி இங்கே இல்லை. இங்கே உள்ளவற்றைப் பற்றித் தாள் வாய் திறக்கவில்லை; திறந்த இடத்தில் ‘கூடாது’ என்கிறது. மரச்சீனி இப்பகுதியில் வேரூன்றிய கதை வேறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மக்களின் பசி தீர்க்க அதன் சாகுபடியைப் பரப்பினார். 1956 நவம்பர் 1 வரை களியக்காவிளையும் அந்த நிலப்பரப்பைச் சேர்ந்ததே. நூறாண்டுக்கு மேல் தட்டில் இருந்த உணவை ஒரே வரியில் நீக்கிவிட்டால், அந்த வரியை எத்தனை நாள் பின்பற்ற முடியும்?

நோயின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். முதலில், பெயரே தவறு. ‘நீர்க்கட்டி’ எனப்படுபவை கட்டிகளல்ல; முதிர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுவிட்ட சினை முட்டைப் பைகள். இவை ஏன் பாதியில் நிற்கின்றன? நோயுள்ள பலருக்கு உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவரப் பணிவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. அந்த ஹார்மோன்களைப் பற்றிக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக ஆக்குவதும் இதனால்தான். மாதவிடாய் தவறுவதும், முகப்பருவும், முகத்தில் முடி வளர்வதும் பின்தொடர்கின்றன. கொழுப்பு மிகுந்தால் இச்சுழல் வேகம் பெறும் என்பது உண்மை. ஆனால் மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. அவர்களிடம் ‘எடையைக் குறை’ என்று சொல்லி என்ன பயன்?

இனி ஓர் ஆய்வு. ஆந்திரத்தின் அனந்தப்பூரில், விடுதியுடன் கூடிய கல்லூரி ஒன்றில் படித்த, இந்நோயுள்ள 15 முதல் 18 வயது வரையிலான 90 மாணவியரைக் கொண்டு பெங்களூரு ஆய்வாளர்கள் நடத்தியது அது. முடிவுகள் 2012, 2013 ஆண்டுகளில் வெளிவந்தன. ஒரு குழுவினர் 12 வாரம், நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகப் பயிற்சி செய்தனர். மற்றக் குழுவினர் அதே அளவு நேரம் வழக்கமான உடற்பயிற்சி செய்தனர். எடை மாற்றத்தில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் யோகக் குழுவில் இன்சுலின் எதிர்ப்பும் ஆண் ஹார்மோன் அளவும் கூடுதலாகச் சீரடைந்தன. அதாவது, உடலுக்குள் நிகழ்ந்த வேறுபாட்டை எடைப்பொறி காட்டவில்லை!

இதைக் கொண்டு யோகமே மருந்து என்று முழங்குவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பயிற்சியே செய்யாத மூன்றாம் குழு அந்த ஆய்வில் இல்லை. 12 வாரத்தில் மாதவிடாய் மூன்று முறைதான் வரக்கூடும். அதன் ஒழுங்கை அளக்க இக்காலம் போதாது. மாதவிடாய் பற்றிய வேறுபாடு புள்ளியியல் எல்லையை மயிரிழையில்தான் தாண்டியது. எனினும் ஆய்வு எழுப்பும் கேள்வி வலுவானது. 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறியும், எடை குறையாவிட்டாலும் நல்ல உணவும் உடற்பயிற்சியும் பயன் தரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. எந்த ஒரு வகை உணவு முறையும் மற்றதைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்றும் அது கூறுகிறது. ஓட்ஸுக்குத் தனிப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதைத் தாளை அச்சிட்டவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

தாளில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்து வருவதாக 2025-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு காட்டுகிறது. இது மிகை. பச்சை மரச்சீனி 100 கிராமில் மாவுப்பொருள் 35 கிராமுக்கு மேல். புரதமோ இரண்டு கிராம்கூட இல்லை. ஆகவே தட்டு நிறையக் கிழங்கும் ஓரத்தில் இரண்டு துண்டு மீனும் என்ற கணக்கை மாற்றத்தான் வேண்டும். கிழங்கைக் கைப்பிடி அளவாக்கி, சாளையைக் கூட்டுங்கள். அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் சேர்ப்பதற்குப் பதில் சிறுபயறைச் சேர்க்கலாம். புட்டும் பயறும் அந்த ஊருக்குப் புதியதல்ல. மீனைப் பொரிக்காமல் குழம்பாக்கினால் எண்ணெய்ச் செலவும் மிச்சம். மாலைத் தேநீரோடு வரும் பழம்பொரியை மட்டும் அன்றாட வழக்கமாக்க வேண்டாம்.

உடற்பயிற்சிக்குத் தாள் ஒதுக்கியது ‘நடைப்பயிற்சி’ என்ற ஒரு சொல். திருவனந்தபுரம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே ஒரு பெண் எங்கே நடப்பது? வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியின்றியே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பயன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். எனவே ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் நடப்பது போதாது. வாரத்தில் 150 நிமிடத்துக்குக் குறையாத பயிற்சியும், அடுத்தடுத்து வராத இரு நாள்களில் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது வழிகாட்டி நெறி. மேடும் பள்ளமுமான விளவங்கோடு வட்டாரத்தில் ஏற்றத்தில் ஏறுவதும், வீட்டுப் படிகளும், நாற்காலியில் பலமுறை உட்கார்ந்து எழுவதும் இதற்கு உதவும்.

எடைப்பொறியை எறிந்துவிடச் சொல்லவில்லை. உடல் பருத்தவர்களுக்கு 5 விழுக்காட்டுக் குறைவே நன்மை தரும். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோதான், 15 கிலோ அன்று. அத்துடன், இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. மாதவிடாய் வந்த தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். பூப்பெய்திய முதல் ஆண்டில் அவை முறை தவறுவது இயல்பே. அதன்பின் 90 நாள் கடந்தும் வராவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கொடுத்த மாத்திரையை, எடை குறைந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.