பெயர் ஒன்று, பொருள் இரண்டு

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்று எழுதிய பெட்டிக்குள் மூன்று குதிரைத்திறன் மோட்டாரை வைத்து விற்றால் பனமரத்துப்பட்டி உழவர் எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். கிணற்று நீர் மேலேறாதபோதே குட்டு வெளிப்பட்டுவிடும். கணிப்பொறி விளையாட்டுகளுக்கான கிராபிக்ஸ் கார்டு வாணிகத்திலோ, ஒரே பெயரில் வெவ்வேறு திறனுள்ள பொருள்கள் பல ஆண்டுகளாக விற்கப்பட்டு வருகின்றன. முதன்முதலாகக் கணிப்பொறி வாங்கும் மாணவரே இதனால் மிகுதியும் ஏமாறுகிறார். அரளிப்பூ விற்ற பணத்தில் பெற்றோர் ஒருமுறைதான் வாங்கித் தருவார்கள். தவறிவிட்டால் மாற்றிக்கொள்வது எளிதன்று. ஆகவே இந்தப் பெயரிடும் முறையைச் சற்று ஆராய்வோம்.

கார்டின் வேலை யாது?

உங்கள் கணிப்பொறித் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 20,73,600 புள்ளிகள். படம் வினாடிக்கு 60 முறை மாறினால், ஒரு வினாடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் சிறியது. எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது. விடியற்காலையில் அரளித் தோட்டத்தில் பூப்பறிக்க ஒரு மேதை போதாது, பல கைகள் வேண்டும் அல்லவா? அதுபோலக் கிராபிக்ஸ் கார்டில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் உறுப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

ஏரியும் குழாயும்

இவ்வுறுப்புகளுக்குத் தேவையான தகவல்கள் கார்டின் நினைவகத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சேலம் நகருக்குக் குடிநீர் தந்தது பனமரத்துப்பட்டி ஏரி. ஏரி எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று. அதிலிருந்து வினாடிக்கு எவ்வளவு நீர் வந்து சேரும் என்பது வேறொன்று. கார்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் காணும் 2 ஜிபி, 8 ஜிபி என்பவை ஏரியின் கொள்ளளவு மட்டுமே. வரத்து எவ்வளவு என்பது நினைவகத்தின் வகையையும், குழாயின் அகலம் போன்ற 'பிட்' அளவையும் பொறுத்தது. பெயர் இதைச் சொல்வதில்லை.

மூன்று சான்றுகள்

என்விடியா நிறுவனம் 2017-இல் ஜிடி 1030 என்ற மலிவான கார்டை வெளியிட்டது. அதன் ஜிடிடிஆர்5 நினைவகம் வினாடிக்கு 48 ஜிகாபைட் தகவலைத் தந்தது. மறு ஆண்டு அதே பெயரில், அதே 2 ஜிபி அளவில், டிடிஆர்4 நினைவகம் கொண்ட கார்டும் வந்தது. அதன் வரத்து சுமார் 17 ஜிகாபைட். ஏரி அதே ஏரி. நீரோ மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, ஆர்டிஎக்ஸ் 3050. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கணக்கிடும் உறுப்புகள், 128 பிட் அகலம், 224 ஜிகாபைட் வரத்து. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 உறுப்புகள், 96 பிட், 168 ஜிகாபைட். நினைவகம் மட்டுமே 2 ஜிபி குறைவு என்று வாங்குபவர் எண்ணுவார். உண்மையில் எல்லாமே குறைவு. ஆயினும் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். முன்னதற்கு 130 வாட் மின்சாரம் வேண்டும். பின்னதற்கு 70 வாட் போதும், பெரும்பாலும் தனி மின்கம்பியும் தேவையில்லை. அலுவலகத்தில் பயன்பட்ட பழைய கணிப்பொறியை வாங்கிச் சீர்செய்பவருக்கு அது ஏற்ற கார்டே. குறை பொருளில் இல்லை, பெயரில் இருக்கிறது.

மூன்றாவது சான்று நம்பிக்கை தருவது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரு கார்டுகளை இந்நிறுவனம் அறிவித்தது. ஒன்றில் 9728 உறுப்புகள், மற்றதில் 7680. கண்டனம் வலுக்கவே, அக்டோபரில் 12 ஜிபி கார்டு திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜனவரியில் அதுவே 4070 டிஐ என்ற பெயரில், அறிவித்த விலையில் 100 டாலர் குறைந்து வந்தது. பெயர் சரியானதும் விலையும் இறங்கியதைக் கவனியுங்கள்.

"விவரங்கள் யாவும் எங்கள் இணையதளத்தில் உள்ளனவே" என்று நிறுவனங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் ஆங்கில அட்டவணைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்? தமிழ்வழியில் பயிலும் மாணவர் பெயரையும் ஜிபியையும் பார்த்தே முடிவு செய்கிறார். இருவேறு பொருளுக்கு இருவேறு பெயர் இடுவதில் நிறுவனத்துக்கு என்ன சிரமம்?

கேட்க வேண்டியவை

பெயர்கள் திருந்தும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். நினைவகம் எந்த வகை? எத்தனை பிட்? வினாடிக்கு எத்தனை ஜிகாபைட்? எத்தனை வாட், அதை நம் எஸ்எம்பிஎஸ் தாங்குமா? இந்நான்கையும் கடையில் கேளுங்கள்.

மதர்போர்டு பழையதானால் ஐந்தாவதாக, கார்டு எத்தனை தடங்களில் இணைகிறது என்றும் கேட்க வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டுமே கொண்டது. நான்காம் தலைமுறைப் பிசிஐ இணைப்புக்கென அமைந்த அக்கார்டு, மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் பாதிப் பாதையோடு இயங்கித் தடுமாறுகிறது.

பழைய கார்டு வாங்குவோர் ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். இவ்விவரங்களில் பெரும்பாலானவற்றை அதுவே காட்டும்.

பணம் போதவில்லையா? ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசசரை இப்போது வாங்கி, எளிய விளையாட்டுகளோடு தொடங்குங்கள். இன்டெல் பிராசசர் என்றால், எண்ணை அடுத்து 'எஃப்' எழுத்து வரும் வகையில் அந்த வசதி இல்லை என்பதை மறவாதீர்கள். கார்டை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுப் பெயரை வாங்குவதைவிடக் காத்திருந்து பொருளை வாங்குவதே மேல்.