பிலாலின் வாளும் குரலும்

பெரியோர் வரலாற்றைச் சிறுவர்க்குச் சொல்வதில் இரண்டு இடர்கள் உண்டு. எட்டாத உயரத்தில் வைத்தால் பிள்ளைகள் வியந்துவிட்டு விலகிப் போவார்கள். எட்டும் உயரத்துக்கு இறக்கினால் அந்தப் பெரியார் காணாமற் போவார். ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களை நாயகராக்கி, துபாயின் பராஜூன் நிறுவனம் உருவாக்கிய 'பிலால்' என்னும் சித்திரப்படம் 2015 டிசம்பரில் துபாய்த் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. குர்ரம் அலவி, அய்மன் ஜமால் இருவரும் இயக்கிய இப்படம் இரண்டாவது இடரில் எவ்வளவு சிக்கியது, எவ்வளவு தப்பியது என்பதே நம் கேள்வி.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மக்தபு விட்டு வரும் பிள்ளைகளும் இன்று ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் கைப்பேசியில் கண்டு வளர்கிறவர்களே. அவர்களிடம் அதே சித்திர மொழியில் ஒரு ஸஹாபியின் வாழ்வைச் சொல்ல முனைந்தது பாராட்டத்தக்கது. ஸஹாபாக்களுக்கு உருவம் வரைவதையே மார்க்க அறிஞர் பலர் ஏற்பதில்லை. அந்தத் தயக்கத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் படத்தின் நோக்கத்தையும் செயலையும் எடைபோட்டுப் பார்ப்பது தகும்.

படத்தின் முதல் சிறப்பு, அடிமைத்தனத்தின் கொடுமையைக் குழந்தையின் கண்கொண்டு காட்டுவது. பிலாலும் அவர் தங்கையும் உமையாவின் உடைமையாகி நிற்பதைக் காணும் சிறுவனுக்கு, மனிதனை மனிதன் விலைக்கு வாங்கினான் என்பது பாடப்புத்தகச் செய்தியாக நில்லாது. நம் மண்ணுக்கும் இது அயல் கதையன்று. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்தே மொரீஷியஸ், ரியூனியன் தீவுகளுக்கு அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1848இல்தான் பிறந்தது. பாலைவன ஒளியையும் முகங்களின் நுண்ணிய அசைவையும் தீட்டிய கைத்திறனும் மெச்சத்தக்கதே.

இனி, குறைகளுக்கு வருவோம். பெரும் வீரனாகும் கனவோடு இருந்த சிறுவன் கடத்தப்பட்டு வேற்று நாட்டில் அடிமையாகிறான் என்று படம் தொடங்குகிறது. பிலால் (ரலி) அவர்களோ, அபிசீனிய அடிமைத் தாயாகிய ஹமாமாவுக்கு மக்காவிலேயே பிறந்தவர் என்பதே வரலாற்று நூல்களில் பரவலாகக் காணும் செய்தி. அடிமையாகவே பிறந்தவர் விடுதலையை உணர்ந்தது, இழந்ததை மீட்பதைவிடப் பெரிது அன்றோ!

இதைவிடப் பெருங்குறை ஒன்றுண்டு. உலகச் சந்தையை எண்ணியோ என்னவோ, படம் இஸ்லாத்தின் பெயரையே சொல்லத் தயங்குகிறது. விலங்கின்றி வாழ்வதே பெருமை என்னும் பொதுக் கருத்தோடு நின்றுவிடுகிறது. உமையா ஏன் சுடுமணலில் கிடத்தி நெஞ்சின்மேல் பாறையை ஏற்றினான்? 'அஹத், அஹத்' என்று அந்த நாவு ஏன் ஓயவில்லை? தவ்ஹீதை நீக்கிவிட்டால் அந்தக் கொடுமைக்குக் காரணமும் இல்லை. அந்தப் பொறுமைக்குப் பொருளும் இல்லை.

சாகச நாயகனுக்கு வாள் வேண்டும் என்பதால், படம் போர்க்களத்தை நோக்கியே விரைகிறது. 624இல் பத்ருக் களத்தில் உமையா வீழ்ந்தது உண்மையே. ஆனால் உலகம் பிலாலை நினைவில் வைத்திருப்பது வாளுக்காக அன்று, குரலுக்காக. 630இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேலேறிப் பாங்கு சொல்லும் பேறு, குறைஷியர் இழிவாகக் கண்ட அந்தக் கறுத்த மேனியருக்கே கிட்டியது. 1976இல் வந்த 'தி மெசேஜ்' படத்தில் முஸ்தபா அக்காத், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தையும் குரலையும் காட்டாமலே, பிலாலின் பாங்கை மக்கள் நெஞ்சில் நிறுத்தினார். சாகசம் தேடிய சித்திரப்படத்துக்கு அந்த நிறைவு வாய்க்கவில்லை.

ஆகவே, இப்படத்தை விலக்கவும் வேண்டாம்; இதுவே வரலாறு என்று விட்டுவிடவும் வேண்டாம். பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும், படம் சொல்லாமல் விட்ட அந்த ஒற்றைச் சொல்லைத் தாயோ தந்தையோ சொல்லிக் கொடுக்கட்டும். பாறையைவிட அது கனமானது என்று பிள்ளைக்கு அப்போது விளங்கும்.