மானுவல் ஆரோன்: தனியாளின் பலமும் எல்லையும்

மானுவல் ஆரோன் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு பட்டியல்: 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சதுரங்கச் சாம்பியன், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரர். இதை மட்டும் வைத்து அவரை எடைபோட்டால் அவர் செய்த வேலையில் பாதி விடுபட்டுப்போகும். அவரைத் தனியே விட்டிருந்த ஏற்பாட்டின் குறையும் மறைந்துவிடும். ஆடுவது, கற்பிப்பது, மன்றம் நடத்துவது, எழுதுவது என எல்லாவற்றையும் ஒரே சாம்பியனின் தோளில் ஏற்றிவிடுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தின் பலனும் பழுதும் ஆரோனின் வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகின்றன.

1960-இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயை ஆரோன் வென்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிப் போட்டியில் போர்டிஷ், உல்மன் என்ற இரு பெரும் வீரர்களை வீழ்த்தினார்; அதே போட்டியில் 23 பேரில் கடைசி இடமும் அவருக்குத்தான். யாரையும் ஒரு நாள் வெல்லும் திறமை அவரிடம் இருந்தது. 22 ஆட்டங்களுக்குத் தாக்குப்பிடிக்கும் பழக்கம்தான் இல்லை. வலுவான எதிராளிகளோடு அடிக்கடி மோதாதவருக்கு அது எப்படி வரும்? கோட்டை கட்டுவதற்குப் பதில் ராஜா ஒருமுறை குதிரைபோல் தாவலாம் என்ற பழைய விதி அன்றும் நம் ஊர்களில் புழக்கத்தில் இருந்தது. ஆரோன் சர்வதேச மாஸ்டரான அதே 1961-இல் சின்னஞ்சிறு பல்கேரியா மில்கோ போபோட்சோவ் வழியாகத் தன் முதல் கிராண்ட்மாஸ்டரைப் பெற்றது. மறு ஆண்டே அதன் வார்னா நகரில் ஒலிம்பியாட் நடந்தது. ஆரோன் அங்கும் இந்தியாவுக்காக ஆடினார். பல்கேரியாவில் சதுரங்கத்துக்கு அரசின் ஆதரவு இருந்தது, பலமான போட்டிகள் பக்கத்திலேயே நடந்தன. நமக்கு முதல் கிராண்ட்மாஸ்டர் கிடைக்க 1988 ஆயிற்று.

போட்டி குறைவாக இருந்ததால்தான் ஒன்பது பட்டங்கள் என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. இரண்டாவது சர்வதேச மாஸ்டராக ரவிக்குமார் வர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தனக்குப் போட்டியே இல்லாத நிலையை மாற்ற உழைத்தவரும் ஆரோன்தான். 1972-இல் சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில் புத்தகமும் எதிராளியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியது அங்கேதான். ஆனந்த் ஒரு மேதை, மன்றம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார் என்ற வாதமும் உண்டு. மேதைமை மட்டும் போதுமென்றால் சுல்தான் கானுக்குப் பின்னும் ஒரு வரிசை உருவாகியிருக்க வேண்டும். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியனான அவர் ஆரோனைவிடப் பெரிய ஆட்டக்காரர். ஊர் திரும்பியதும் அவரோடு அந்தக் கதை முடிந்தது. ஆரோனுக்குப் பின்னால் சென்னையில் தலைமுறை தலைமுறையாக வீரர்கள் வந்தார்கள்.

எனினும் ஆரோனின் வழியைக் குறையற்ற முன்மாதிரி என்று கொண்டாட முடியாது. தால் மன்றத்துக்கு இடம் தந்தது சோவியத் கலாசார மையம். அயல்நாட்டின் தயவும் ஒரு மனிதரின் பிடிவாதமும் சேர்ந்த இடத்தில் மட்டும் சதுரங்கம் வளர்ந்தது. அப்படியொருவர் வாய்க்காத ஊர்கள் காத்திருந்தன. 2022-இல் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம், நம் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருகிற ஊர்தான். அந்த விழாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பதைவிட, மாலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடக்கூடிய ஒரு பொது மன்றத்தைப் புதுச்சேரி அரசும் பள்ளிகளும் சேர்ந்து திறப்பது பயன் தரும். ஆரோன் தனியாளாகச் சுமந்ததை இனி ஊர் சுமக்க வேண்டும்.