எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ‘டொக்’

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அத்தோடு கிளம்பலாம். இந்த மெக்கானிக்கல் கீபோர்டு நன்றாக இருக்கிறது. விலை அநியாயம். வாங்கினால் வருத்தப்பட மாட்டீர்கள், வாங்காவிட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. மற்றவர்கள் உட்காருங்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை. ஆன்லைன் கடைகளில் தேடினால் இதே அலுமினியச் சட்டம், மூலையில் இதே வால்யூம் திருகு, அடியில் இதே வண்ண விளக்குகள், வேறு வேறு பெயரில் வரிசை கட்டி நிற்கின்றன. அளவு 75 சதவீதம். தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். முழு கீபோர்டின் வலப்பக்க எண் விசைகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நெருக்கி அடுக்கியதற்குத்தான் அந்தப் பெயர். இதற்கும் கீழே 60 சதவீதம், 40 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகிறார்கள். 40 சதவீதத்தில் மேல்வரிசை எண்களே கிடையாது. சாமானைக் குறைத்து விலையை ஏற்றுகிற வித்தை ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆபீஸில் கொடுக்கும் சாதா கீபோர்டில் விசைக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதைக் கடைசி வரை அமுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், உள்ளே தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இந்த வம்சத்துக்கு மூதாதை. அதன் சிவப்பு ரகத்தில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். மீதி 2 மில்லிமீட்டர் உங்கள் சந்தோஷத்துக்கு. அந்த மீதியைச் சுற்றித்தான் ஒரு கூட்டமே குடியிருக்கிறது.

கூட்டம் என்றால் கட்சி இல்லாமலா? சிவப்பு சுவிட்ச் வழவழவென்று இறங்கும், சத்தம் குறைவு. நீலம் பாதியில் ‘க்ளிக்’ என்று கத்தும். பழுப்பில் விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தடங்கல். சிவப்புக்காரர் நீலக்காரரை நாகரிகம் இல்லாதவர் என்பார், இருவரும் சேர்ந்து பழுப்புக்காரரை “மண் விழுந்த சிவப்பு” என்று கிண்டலடிப்பார்கள். செர்ரியின் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்ததும் கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீனக் கம்பெனிகள் களத்தில் இறங்கின. நிறங்கள் தீர்ந்துபோய் பாண்டா, போபா என்றெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் பழுப்புக் கட்சி. கிண்டலுக்குப் பயந்து கட்சி மாறுவதாக இல்லை.

கடையிலிருந்து வந்ததோ நீல சுவிட்சோடு. முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஆசையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா, “யாருடா இந்நேரத்துல கதவைத் தட்டறது? போய்ப் பாரேன்” என்றாள். மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, “ப்ரோ, ஆணி புடுங்கத்தானே நமக்குச் சம்பளம்? நீங்க அடிச்சிட்டிருக்கீங்க” என்றான். நியாயம்தான். இதில் சுவிட்சைச் சாலிடர் செய்யாமல் சொருகி எடுக்கும் வசதி இருக்கிறது. பெட்டியோடு வந்த குட்டிக் குறட்டால் நீலத்தை எல்லாம் பிடுங்கிவிட்டுத் தனியாக வாங்கிய பழுப்பைச் சொருகினேன். கீபோர்டில் என் கையாலேயே செய்ய முடிந்த இயந்திர வேலை இது என்பதால் இந்த வசதிக்கு முழு மதிப்பெண்.

சத்தத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உலகத்தில் எழுத்தைவிட சத்தம் முக்கியம். யூடியூபில் மைக்கைப் பக்கத்தில் வைத்து கீபோர்டைத் தட்டிக் காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒருவர்கூட ஒரு முழு வாக்கியம் அடித்து நான் பார்த்ததில்லை. ‘டிக்’ கூடாது, ‘டக்’ பரவாயில்லை, ‘டொக்’ என்று விழுந்தால் மோட்சம். மோட்சத்துக்கு வழி: உள்ளே பஞ்சு அடைப்பது, சர்க்யூட் போர்டின் முதுகில் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுவது, சுவிட்சை ஒவ்வொன்றாகப் பிளந்து உள்ளே தூரிகையால் கிரீஸ் தடவுவது. கிரீஸ் என்றால் சைக்கிள் கடை கிரீஸ் இல்லை. கிரைடாக்ஸ் 205 என்று ஒன்று, விமான, விண்வெளித் துறைகளில் புழங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்ன டப்பியில் சில கிராம் விற்கிறார்கள். எண்பத்துச் சொச்சம் சுவிட்சையும் பிளந்து தடவ எனக்குப் பொறுமை இல்லை. ஸ்பேஸ்பாருக்கு அடியில் இருக்கும் கம்பி மட்டும் கடகடத்தது, அதன் இரு முனையிலும் பொட்டு வைத்த அளவு தடவினேன், கப்சிப். ராக்கெட்டுக்கு என்ன செய்யுமோ, என் ஸ்பேஸ்பாருக்கு நன்றாகவே செய்தது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் ஆயுள் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு விசைக்கு 5 கோடி அழுத்தல் தாங்குமாம். ஒரே விசையை நாளுக்கு 5,000 தடவை அழுத்தினாலும் 10,000 நாள், அதாவது 27 வருடத்துக்கு மேல். அதற்குள் யுஎஸ்பி துளையின் வடிவம் எத்தனை தடவை மாறியிருக்குமோ. மாறினாலும் மசியாத ஆட்கள் உண்டு. ஐபிஎம் 1985-இல் விற்க ஆரம்பித்த மாடல் எம், இரண்டு கிலோவுக்கு மேல் கனம், இன்றைக்கும் பலர் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருடன் வந்தால் அதுவே ஆயுதம்.

கணினி விளையாட்டுக்காரர்களின் கதையே வேறு. அவர்களுக்கு இப்போது காந்த சுவிட்ச்தான் மோகம். விசை எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைக் காந்தப்புலத்தை வைத்தே அளக்கும், விரலை லேசாகத் தூக்கினாலே ‘விட்டாச்சு’ என்று புரிந்துகொள்ளும். புத்தம்புதுசு என்று விற்கிறார்கள். ஹனிவெல் கம்பெனி அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்படிக் கீபோர்டு செய்துவிட்டது. 2024 ஜூலையில் ரேசர் கம்பெனி ‘ஸ்னாப் டாப்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இடம், வலம் இரண்டு விசையும் ஒன்றாக அமுங்கியிருந்தாலும் கடைசியாக அமுக்கியதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். துப்பாக்கியோடு ஓடுகிறவன் சட்டென்று நிற்க அது போதும். அடுத்த மாதமே கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் சொந்தக்காரரான வால்வ் கம்பெனி, இது ஆட்டமே இல்லை என்று தன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடை போட்டது. கீபோர்டுக்கும் ஊக்கமருந்துச் சோதனை வந்துவிட்டது. எனக்கு இந்தத் தொல்லை இல்லை. என் பலகை நொடிக்கு 1,000 தடவை விசைகளைப் பார்த்துவிட்டு வருகிறது. நான் அடுத்த வாக்கியம் யோசிக்கும் நேரத்தில் அது பல லட்சம் தடவை வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கும்.

காசு எதற்குத் தகும் என்று கேட்டால், நான் சத்தத்தைச் சொல்ல மாட்டேன், விசைகளை இஷ்டத்துக்கு மாற்றி எழுத முடிவதைச் சொல்வேன். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தில் விசையைத் தொட்டு, வேண்டியதைக் கொடுத்தால் ஆயிற்று. மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், வேறு கணினியில் சொருகினாலும் கூடவே வரும். நான் முதலில் கைவைத்தது கேப்ஸ் லாக். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் எழுதுகிறவனுக்கு இடது சுண்டுவிரல் பக்கத்தில், கைக்கு மிக வாகான இடத்தில், இத்தனை பெரிய விசை சும்மா கிடக்கிறது! அதை ஆங்கிலம், தமிழ் மாற்றும் விசையாக்கிவிட்டேன். விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து செய்வதை இது ஒற்றைத் தட்டில் செய்கிறது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில், கிட்டத்தட்ட 30 வருடத்துக்குப் பிறகு கீபோர்டில் கைவைத்தது. வைத்தது எதற்கு? செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட கோபைலட் விசை. அதை அமுக்கினால் உள்ளே போவது விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 மூன்றும் சேர்ந்த சமிக்ஞை. எஃப்23 என்று ஒரு விசையை ஐபிஎம்மின் பழைய டெர்மினல்களில் பார்த்திருந்தால் உங்களுக்கு வயதாகிவிட்டது. எதிர்காலத்தைக் கூப்பிட மியூசியத்துக்குப் போன் அடித்திருக்கிறார்கள்.

தமிழ் அடிக்க எப்படி? இந்த இடத்தில் விமர்சகர்கள் எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள், நான் மாட்டேன். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையிலேயே நீங்கள் இருந்தால் எந்தக் கீபோர்டும் உங்களைக் காப்பாற்றாது, விரல் இரட்டை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசை அமைப்பு விண்டோஸ், மேக் இரண்டிலும் இலவசமாக இருக்கிறது. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதன் தலையில் அதுவே புள்ளி வைக்கும். ‘பந்து’ அடிக்க ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்தாலும் புள்ளி தானாக விழும். விரல் நுனிக்குத் தெரிய எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு வைத்திருப்பார்கள் அல்லவா? தமிழ்99-இல் எஃப்தான் புள்ளி. அதிகம் வேண்டியது ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. இதைச் செய்த புண்ணியவான்களை விட்டுவிட்டு கிரீஸ் டப்பிக்குக் கோயில் கட்டுகிறோம். கையில் இருக்கும் இருநூறு ரூபாய்க் கீபோர்டில் தமிழ்99 பழகுங்கள். எட்டாயிரத்தில் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும். கைக்குப் பழகிய பிறகு இதை வாங்கினால், சுகத்துக்குச் சுகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. விசைகளில் ஆங்கிலத்தோடு ஓரத்தில் ஜப்பானிய எழுத்து அச்சடித்திருக்கிறார்கள். ஜப்பானுக்குச் செய்தது மிஞ்சி இங்கே வரவில்லை, ஃபேஷனாம். ஐ-க்கும் ஔ-க்கும் இடமில்லை, படிக்கத் தெரியாத எழுத்துக்கு இடமிருக்கிறது. உயரமும் அதிகம், மணிக்கட்டுக்கு ஒரு தாங்கி இல்லாமல் ஒரு மணி நேரம் அடித்தால் கை கடுக்கிறது. புளூடூத்தில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும், எழுப்ப அடிக்கும் முதல் எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் விழிக்கும். யோசித்து யோசித்து ஆரம்பிக்கும் என் கடிதங்கள் எல்லாம் ‘ணக்கம்’ என்று தொடங்குகின்றன. வயரோடு வைத்துக்கொள்வதே உத்தமம். விளக்குகளை அணைத்துவிடுங்கள், பேட்டரிக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

வாடகை ஒப்பந்தம் அடிக்க சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே இருக்கும் டிடிபி கடைக்குப் போயிருந்தேன். அக்கா கையில் டிவிஎஸ் கோல்டு. சென்னைக் கம்பெனியின் இந்தக் கீபோர்டைப் பில் போடும் கவுன்ட்டர்களிலும் டிடிபி கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். பழைய கோல்டுகளுக்குள் இருந்தது செர்ரியின் நீல சுவிட்சேதான். ரசிகர் கூட்டம் பிறக்கும் முன்பே பத்திரம் பத்திரமாக அடித்துத் தள்ளிய பலகை. எழுத்தெல்லாம் தேய்ந்து வெறும் கறுப்பாக இருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை, பழைய டைப்ரைட்டர் முறையில் சடசடவென்று என் அப்பா பெயரை அடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இதுல என்ன சுவிட்ச்?” என்றேன்.

“சுவிட்சு சிபியு பின்னாடி இருக்கு தம்பி. ஏன், ஆஃப் ஆயிடுச்சா?”

பையில் இருந்த என் பலகையை எடுத்துக் காட்டினேன். விலையைச் சொன்னதும் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயரைச் சொருகிக்கொடுத்தேன். இரண்டு வரி அடித்தார். டொக், டொக், டொக். “மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு” என்றபடி வலது கையை இயல்பாக எண் விசைகள் பக்கம் கொண்டுபோனார். கை மேசைமேல் விழுந்தது.

“நம்பர் எங்க தம்பி?”

“மேல் வரிசையில இருக்குக்கா. இது 75 பர்சென்ட் மாடல்.”

“ஆதார் நம்பர், சர்வே நம்பர், அட்வான்ஸ் தொகை எல்லாத்தையும் மேல தேடித் தேடி அடிக்கணுமா? காசு முழுசாக் கொடுத்தியா, முக்கால்தான் கொடுத்தியா?” என்று கேட்டுவிட்டு வயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.